குருதி நடந்த வழி: இப்னு நஃபீஸ் கண்ட நுரையீரல் சுற்றோட்டம்

முன்னுரை

பாடநூல்களில் மூச்சு மண்டலம் ஓர் இயலாகவும் குருதிச் சுற்றோட்ட மண்டலம் மற்றோர் இயலாகவும் வகுக்கப்பட்டுள்ளன. கற்பிக்கும் வசதி கருதிச் செய்யப்பட்ட பகுப்பு இது. உடல் இப்பகுப்பை அறியாது. நுரையீரல் ஈர்த்த காற்றின் பயனைக் குருதி ஏற்றுச் செல்லாவிடின் மூச்சால் பயனில்லை. நுரையீரலைத் தொட்டு மீளாவிடின் குருதியோட்டத்தாலும் பயனில்லை. மூச்சு விடுதலைப் பழந்தமிழர் ‘உயிர்த்தல்’ என்றனர். பெருமூச்சை ‘நெட்டுயிர்ப்பு’ என்றனர். உயிரும் உயிர்ப்பும் ஒரு வேரில் கிளைத்த சொற்கள். அவ்வுயிர்ப்பை உடலெங்கும் கொண்டு சேர்ப்பது குருதியே.

இவ்விரு மண்டலங்களும் எங்கே, எவ்வாறு இணைகின்றன? இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி இடப்பக்கத்தை எவ்வழியாக அடைகிறது? இன்று பள்ளி மாணவரும் விடை கூறக்கூடிய இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறான விடையே கற்பிக்கப்பட்டு வந்தது. அவ்விடையை எழுத்தில் மறுத்தவர்களுள் நாம் அறிந்தவரை முதல்வர், 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கசிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த மருத்துவர் இப்னு நஃபீஸ் ஆவார். அவர் ஓர் உரையாசிரியர் என்பது தமிழ் பயில்வோர் குறிப்பாக எண்ணத்தக்கது. மூலநூலுக்கு உரை எழுதும்போதே மூலத்தின் பிழையை அவர் எடுத்துக்காட்டினார். அம்மறுப்பின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு, இதயமும் நுரையீரலும் இணைந்து இயங்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

இதயத்தின் அமைப்பு

ஒருவர் தம் கையை மூடினால் எவ்வளவு பருமன் தோன்றுமோ ஏறத்தாழ அவ்வளவே அவருடைய இதயம். மார்புக்கூட்டின் நடுவே, இரு நுரையீரல்களுக்கும் இடையில், சற்று இடப்புறம் சாய்ந்து அது அமைந்துள்ளது. அதனுள் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு மேலறைகள். கீழே இரண்டு கீழறைகள். மேலறைகள் குருதியை ஏற்பவை. கீழறைகள் குருதியை வெளியே தள்ளுபவை. வலப்பக்க அறைகளையும் இடப்பக்க அறைகளையும் ஓர் இடைச்சுவர் பிரிக்கின்றது. கீழறைகளுக்கு இடையே அச்சுவர் தடித்த தசையால் ஆனது.

மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் வால்வுகள் உள்ளன. வலப்பக்கத்தது மூவிதழ் வால்வு. இடப்பக்கத்தது ஈரிதழ் வால்வு. கீழறைகளிலிருந்து பெருங்குழாய்கள் புறப்படும் வாயில்களில் அரைச்சந்திர வால்வுகள் அமைந்துள்ளன. இவையனைத்தும் ஒரு திசையில் மட்டுமே திறப்பவை. முன்னே சென்ற குருதி பின்னே திரும்பாதபடி காப்பதே இவற்றின் பணி. மருத்துவர் தம் கருவியை மார்பில் வைத்துக் கேட்கும் ‘லப்–டப்’ ஒலி இவ்வால்வுகள் மூடிக்கொள்வதால் எழுவது. மேலறை–கீழறை வால்வுகள் மூடும்போது முதல் ஒலியும், அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது இரண்டாம் ஒலியும் பிறக்கின்றன.

உடலெங்கும் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியமில வாயுவை ஏற்று வந்த குருதி, மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்னும் இரு பெருவழிகளால் வல மேலறையை அடைகிறது. அங்கிருந்து வலக் கீழறைக்கு இறங்குகிறது. இடக் கீழறையிலிருந்தோ ஆக்சிஜன் நிறைந்த செங்குருதி பெருந்தமனி வழியே உடலெங்கும் புறப்படுகிறது. இடையில் நிற்பது ஒரு சுவர். வலக் கீழறையில் இருந்த கருஞ்சிவப்புக் குருதி, அச்சுவருக்கு அப்பால் உள்ள அறையில் ஒளிர் சிவப்பாக மாறி நிற்பது எப்படி என்பதே வினா.

காலன் கூறிய விடை

கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்து உரோமாபுரியில் புகழ்பெற்ற காலன், பழங்கால மருத்துவருள் தலைசிறந்தவர். தமனிகளில் காற்று மட்டுமே ஓடுகிறது என்னும் முந்தையோர் கருத்தைச் சோதனையால் மறுத்து, அவற்றிலும் குருதியே உள்ளது என நிறுவியவர் அவரே. ஆயினும் அக்கண்டுபிடிப்பே அவருக்கு ஓர் இடரை உண்டாக்கியது. உணவு கல்லீரலில் குருதியாக மாறிச் சிரைகள் வழியே உடலெங்கும் பரவி, உறுப்புகளால் உண்ணப்பட்டுத் தீர்ந்துபோகிறது என்பது அவர் கொள்கை. அப்படியாயின் இடப்பக்கத் தமனிகளுக்குக் குருதி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் விடை காண வேண்டியிருந்தது.

இடைச்சுவரின் பரப்பில் சிறுசிறு குழிகள் காணப்படுகின்றன. அவை கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளாகச் சுவரை ஊடுருவிச் செல்கின்றன என்றும், அவற்றின் வழியே வலக் குருதியின் ஒரு பகுதி இடப்பக்கம் கசிகிறது என்றும் காலன் கொண்டார். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் சாரம் அங்கே அதனோடு கலந்து உயிராற்றலாகிறது என்றும் கற்பித்தார். அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளின் உடல்கள். துளையை எவரும் கண்டதில்லை. எனினும் காலன் கூறினார் என்பதே போதிய சான்றாயிற்று. கிரேக்க மொழியிலிருந்து அரபு மொழிக்குச் சென்ற மருத்துவ நூல்களோடு இக்கருத்தும் சென்றது. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனாவின் ‘அல்-கானூன் ஃபித்-திப்’ என்னும் பெருநூலிலும் அது இடம்பெற்றது.

இப்னு நஃபீஸின் மறுப்பு

அலாவுத்தீன் அலீ இப்னு அபீ ஹஸ்ம் அல்-குரஷீ என்பது இப்னு நஃபீஸின் இயற்பெயர். ஏறத்தாழ 1213இல் டமாஸ்கசை அடுத்த பகுதியில் பிறந்தார். அந்நகரின் நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். பின்னர் கெய்ரோவுக்குப் பெயர்ந்து மருத்துவராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். ஷாஃபிஈ சட்டவியலிலும் புலமை பெற்று அதனையும் கற்பித்தார். 1288இல் மறைந்தபோது தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு உரித்தாக்கிச் சென்றார்.

முப்பது வயதளவில், 1242இல், கானூன் நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் ‘ஷரஹ் தஷ்ரீஹ் அல்-கானூன்’ என்னும் உரையை வரைந்தார். இடைச்சுவர் தடித்தும் செறிந்தும் இருக்கிறது. பிறர் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியும் வழியும் அதில் இல்லை. காலன் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியாத வழியும் அதில் இல்லை என அவ்வுரையில் அவர் தெளிவாக மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் மாற்று வழியையும் காட்டினார். வலக் கீழறையின் குருதி, அங்கிருந்து புறப்படும் குழாய் வழியே நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே பரவிக் காற்றோடு கலக்கிறது. பின்னர் நுரையீரலிலிருந்து வரும் குழாய் வழியே இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது என்பது அவர் முடிவு.

இதற்கு அவர் குழாய்ச் சுவர்களின் அமைப்பையே சான்றாகக் கொண்டார். நுரையீரலுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய் தடித்த சுவர் உடையது. ஆதலால் மிக நுண்ணிய பகுதி மட்டுமே அதிலிருந்து கசியும். நுரையீரலிலிருந்து குருதியை மீட்டு வரும் குழாய் மெல்லிய சுவர் உடையது. ஆதலால் கசிந்ததை எளிதில் ஏற்கும். இவ்விரண்டிற்கும் இடையே நுண்ணிய திறப்புகள் இருத்தல் வேண்டும் என அவர் கருதினார். இதயத்தசைக்கு வேண்டிய உணவு, இதய அறைகளில் உள்ள குருதியிலிருந்து நேரே கிடைப்பதன்று. அத்தசையினுள்ளே பரவியுள்ள குழாய்களின் வழியாகக் கிடைப்பது என்றும் எழுதினார். இதயத் தமனிகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதற்கு இக்கருத்து மிக அணுக்கமானது.

அவர் கூறியவை யாவும் இன்றைய அறிவியலோடு பொருந்துவன அல்ல. கல்லீரலே குருதியின் பிறப்பிடம் என்னும் பழங்கருத்தை அவரும் ஏற்றிருந்தார். உடல் முழுவதையும் சுற்றும் பெருஞ்சுற்றோட்டத்தை அவர் கூறவில்லை. உடலை அறுத்து ஆராய்வதிலிருந்து சமயச் சட்டமும் இரக்கவுணர்வும் தம்மைத் தடுப்பதாக அந்நூலின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டுள்ளார். ஆகவே முன்னோர் நூல்களைக் கற்றும், ஒன்றோடொன்று ஒப்பிட்டும், பொருந்தாதவற்றைத் தள்ளியுமே அவர் இம்முடிவுக்கு வந்தார் எனல் வேண்டும்.

தமிழ் மாணவர் இங்கு ஒன்றை நினைவுகூரலாம். ஏறத்தாழ அதே 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், நூல் செய்வோர் மேற்கொள்ளும் ஏழு மதங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் உடன்படலும் ஒன்று; மறுத்தலும் ஒன்று. முன்னோர் மீது கொண்ட மதிப்புக்கு மறுத்தல் இழுக்கன்று என்பதை இப்னு நஃபீஸும் தம் உரையால் உணர்த்தினார். அவர் இப்னு சீனாவின் நூலைப் போற்றியே அதற்கு உரை செய்தார். பிழை எனக் கண்ட இடத்தில் மறுக்கத் தயங்கவில்லை.

நுரையீரலில் நிகழ்வது

குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கூடுகிறது என்னும் அவர் கூற்றின் முழுப்பொருளை இன்று விரிவாக அறிகிறோம். மூக்கின் வழியே புகும் காற்று அங்கே வெதுவெதுப்பும் ஈரமும் பெற்று, தூசு நீங்கி, குரல்வளையைக் கடந்து மூச்சுக்குழலில் இறங்குகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுள்ளும் புகுகிறது. வல நுரையீரல் மூன்று மடல்களும் இட நுரையீரல் இரண்டு மடல்களும் உடையன. கிளைகள் மேலும் மேலும் பிரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளைக் கடந்தபின், இறுதியில் திராட்சைக் கொத்துப் போன்ற நுண்காற்றறைகளில் முடிகின்றன. மனிதனின் இரு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்பரப்பை விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் ஆகும்.

ஒவ்வொரு நுண்காற்றறையையும் தந்துகி எனப்படும் மிக மெல்லிய குருதிக்குழாய்கள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. வாயுக்கள் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பரவும் என்பது இயற்பியல் விதி. நுண்காற்றறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 100 மி.மீ. பாதரசம், அங்கு வந்துசேரும் குருதியில் அது 40 மட்டுமே. ஆகவே ஆக்சிஜன் குருதியினுள் புகுகிறது. கரியமில வாயுவின் அழுத்தம் குருதியில் 46; நுண்காற்றறையில் 40. ஆகவே அது வெளியேறுகிறது. இதற்கென ஆற்றல் எதுவும் செலவாவதில்லை. நாம் உள்வாங்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடு எஞ்சுகிறது.

குருதியின் சிவப்பணு ஒன்று நுரையீரல் தந்துகியைக் கடக்க, ஓய்வாக இருக்கும்போது ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது. ஆக்சிஜன் நிறைவதற்கோ கால் நொடியே போதுமானது. எஞ்சிய அரை நொடி உடலின் சேமிப்பு. நாம் ஓடும்போது குருதியின் வேகம் கூடிச் சிவப்பணுவுக்குக் கிடைக்கும் நேரம் குறைந்தாலும், ஆக்சிஜன் குறையாமல் கிடைப்பது இச்சேமிப்பினாலேயே.

சிவப்பணுவில் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துடைய புரதம் நிறைந்துள்ளது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். குருதியின் நிறமாற்றத்திற்கும் இதுவே காரணம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒளிர் சிவப்பு, இறக்கியது கருஞ்சிவப்பு. கரியமில வாயுவோ ஏறத்தாழ 70 விழுக்காடு பைகார்பனேட்டாக மாறிக் குருதியில் கரைந்து வருகிறது.

காற்று உட்புகும் முறை

நுரையீரலுக்குத் தானே விரியும் தசை இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் குடைபோல் கவிந்துள்ள உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்குகிறது. விலா எலும்புகள் மேலெழுந்து விரிகின்றன. மார்புக்கூட்டின் கொள்ளளவு பெருகுவதால் உள்ளழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தானே உட்புகுகிறது. தசைகள் தளரும்போது நுரையீரல் தன் மீள்திறனால் சுருங்க, காற்று வெளியேறுகிறது. ஆகவே அமைதியாக இருக்கும்போது உள்மூச்சு உழைப்பு, வெளிமூச்சு ஓய்வு.

ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று உட்புகுகிறது. அதில் 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே தங்கிப் பயன்படாமல் திரும்புகிறது. எஞ்சியதே நுண்காற்றறைகளை எட்டுகிறது. மேலோட்டமாக விரைந்து விடும் மூச்சைவிட ஆழ்ந்து விடும் மூச்சு பயன்மிக்கது என்பதன் காரணம் இதுவே. மூச்சின் வேகத்தை வகுப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம். குருதியில் கரியமில வாயு சிறிது மிகுந்தாலும் முகுளம் உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது. மூச்சை அடக்குபவரை விடும்படி வற்புறுத்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவன்று. கரியமில வாயுவின் மிகுதியே.

ஹார்வியின் கணக்கும் மால்பீஜியின் கண்ணாடியும்

ஐரோப்பாவில் மைக்கேல் செர்வீட்டஸ் 1553இலும், ரியால்டோ கொலம்போ 1559இலும் நுரையீரல் வழியே குருதி செல்வதை எழுதினர். நுரையீரல் தமனியின் பருமனைச் செர்வீட்டஸ் சுட்டிக்காட்டினார். நுரையீரலுக்கு உணவளிக்க மட்டும் அவ்வளவு பெரிய குழாய் வேண்டியதில்லை என்பது அவர் வாதம். தம் சமயக் கருத்துகளுக்காக அவர் அவ்வாண்டே ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். நுரையீரல் சிரையில் இருப்பது காற்றன்று, குருதியே என்பதைக் கொலம்போ விலங்குகளில் நேரே கண்டறிந்தார். இப்னு நஃபீஸின் கருத்து இவர்களை எட்டியதா என்பது அறிஞர்களிடையே விவாதிக்கப்படும் பொருள். எட்டியது என்பதற்கு உறுதியான சான்று காட்டப்படவில்லை.

1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எளிய கணக்கொன்றால் பழங்கொள்கையை முழுதும் வீழ்த்தினார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியை மிகக் குறைத்தே மதிப்பிட்டு, அதனை அரைமணி நேரத் துடிப்புகளால் பெருக்கினார். வந்த விடை, உடலில் உள்ள மொத்தக் குருதியினும் மிகுதியாக இருந்தது. இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 72 துடிப்பு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். நாளொன்றுக்கு 7,200 லிட்டருக்கும் மேல். எந்த உணவு நாள்தோறும் இவ்வளவு குருதியைப் படைக்க இயலும்? உடலில் உள்ளது ஏறத்தாழ 5 லிட்டரே. ஆகவே சென்ற குருதியே திரும்பி வருகிறது; அது சுற்றுகிறது. கையைக் கட்டித் தளர்த்திச் செய்த சோதனையாலும், சிரைகளின் வால்வுகள் இதயத்தை நோக்கியே திறப்பதைக் காட்டியும் ஹார்வி இதனை உறுதிப்படுத்தினார்.

ஆயினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வாறு மாறுகிறது என்பதை ஹார்வி காணவில்லை. 1657இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பீஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் நோக்கித் தந்துகிகளைக் கண்டார். இப்னு நஃபீஸ் இருத்தல் வேண்டும் எனக் கருதிய நுண்வழி, 419 ஆண்டுகளுக்குப் பின் நுரையீரலிலேயே கண்ணுக்குப் புலனாயிற்று.

கருவறையில் மட்டும் திறந்த வாயில்

சுவரில் வழியே இல்லை என்னும் விதிக்கு வாழ்வில் ஒரு பருவம் மட்டும் விலக்கு. கருவறையில் உள்ள குழந்தை காற்றை மூச்சாக வாங்குவதில்லை; தாயின் குருதியிலிருந்து நச்சுக்கொடியின் வழியே ஆக்சிஜனைப் பெறுகிறது. அதற்கு நுரையீரல் இன்னும் பயன்படவில்லை. ஆகவே இரு மேலறைகளுக்கும் இடையே ஒரு நீள்வட்டத் துளை திறந்திருக்கிறது. நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் இடையே ஓர் இணைப்புக் குழாயும் உண்டு. இவ்விரண்டின் வழியே பெரும்பகுதிக் குருதி நுரையீரலைத் தவிர்த்துச் செல்கிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. அங்குக் குருதி பாய்ந்து இட மேலறையில் அழுத்தம் மிகுகிறது. அவ்வழுத்தம் துளையின் மூடியை அடைக்கிறது. இணைப்புக் குழாயும் அடுத்த சில நாட்களுக்குள் சுருங்கி மூடுகிறது. பிறந்த குழந்தையின் முதல் அழுகையோடு குருதியின் பாதையே மாறுகிறது எனலாம். இம்மாற்றம் நிகழாமல் பெருந்துளைகள் எஞ்சும் குழந்தைகளுக்கு மருத்துவம் தேவைப்படுகிறது.

ஓர் உறுப்பின் நோய் மற்றோர் உறுப்பில்

வலக் கீழறை நுரையீரலுக்குத் தள்ளும் குருதியும், இடக் கீழறை உடலுக்குத் தள்ளும் குருதியும் அளவில் சமமாதல் வேண்டும். ஆனால் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு உண்டு. உடலுக்குச் செல்லும் தமனியில் உயர் அழுத்தம் 120 மி.மீ. பாதரசம், நுரையீரல் தமனியில் அது ஏறத்தாழ 25 மட்டுமே. இடக் கீழறையின் சுவர் வலக் கீழறையின் சுவரினும் மூன்று மடங்கு தடித்திருப்பது இதனால்தான். நுரையீரலின் மெல்லிய திரை பேரழுத்தத்தைத் தாங்காது. இடக் கீழறை தளர்ந்து, வரும் குருதியை முழுதும் வெளியேற்ற இயலாதபோது குருதி நுரையீரலில் தேங்குகிறது. நீர் நுண்காற்றறைகளுள் கசிகிறது. நோய் இதயத்தில், துன்பம் மூச்சில். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது என்று முதியோர் கூறினால், அதனைச் சளி என்றோ வயதின் தளர்ச்சி என்றோ தள்ளாமல் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இதேபோல், நெடுநாள் படுக்கையில் இருப்போரின் கால் சிரையில் குருதி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்தால் எங்கே செல்லும்? கீழ்ப்பெருஞ்சிரை, வல மேலறை, வலக் கீழறை, பின்னர் நுரையீரல் தமனி. அங்கே அது அடைத்துக்கொள்கிறது. காலில் தோன்றிய நோய் மார்பில் உயிர்க்கு ஊறு செய்கிறது. இப்னு நஃபீஸ் வகுத்த வழியை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

புகைப்பழக்கத்தின் கேடும் இவ்விணைப்பிலேயே விளங்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நுரையீரல் வழியே புகுந்த நஞ்சு குருதியின் இடத்தைக் கவர்ந்து இதயத்தை வருத்துகிறது. மூடிய அறையில் கரி அடுப்பை எரியவிட்டு உறங்குவோர் உறக்கத்திலேயே இறக்க நேர்வதும் இவ்வாயுவினால்தான்.

ஒருவர் திடீரென நினைவிழந்து வீழ்ந்து, மூச்சின்றியும் அசைவின்றியும் கிடந்தால், நான்கு ஐந்து நிமிடங்களில் மூளை பழுதுறத் தொடங்கும். அந்நிலையில் 108 எண்ணுக்கு அழைப்புவிடுத்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தி விடுதல் வேண்டும். உதவி வரும்வரை இதனை நிறுத்தலாகாது. இதயம் செய்யாத பணியை நம் கைகள் செய்கின்றன. வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே திறப்பதால், அழுத்திய குருதி முன்னோக்கியே செல்கிறது. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் இப்பயிற்சியை முறையாகப் பெறுதல் நன்று.

நூலகத்தில் உறங்கிய ஏடு

இப்னு நஃபீஸின் மருத்துவச் சுருக்கமான ‘மூஜஸ்’ இந்திய யூனானிக் கல்வியிலும் பயிலப்பட்டது. ஆனால் நுரையீரல் சுற்றோட்டத்தைக் கூறும் அவருடைய உரை, உலக மருத்துவத்தின் பொதுவறிவாக மாறவில்லை. 1924இல் ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-ததாவி, பெர்லின் நூலகத்தில் இருந்த அந்நூலின் கையெழுத்துப் படியைக் கற்று, ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு அளித்தார். பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மன் அறிஞர் மேக்ஸ் மேயர்ஹோஃப் 1930களில் தம் கட்டுரைகளால் அதனை உலகறியச் செய்தார். எழுதப்பட்டது 1242இல், மருத்துவ வரலாற்றாசிரியர் கண்ணில் பட்டது 682 ஆண்டுகளுக்குப் பின்னர். நூல் அழியவில்லை; படிப்பார் இன்றிக் கிடந்தது.

அறிவு மக்களைச் சென்றடைய நூல் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் மொழியில் அது பேசுதல் வேண்டும். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை உணர்ந்தவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அம்முயற்சியின் பயன். இன்று தமனி, சிரை, தந்துகி, உதரவிதானம் எனத் தயங்காமல் எழுத நமக்குச் சொற்கள் உள்ளன. அவற்றைப் பாடநூலில் மட்டும் நிறுத்தாமல் வீட்டிலும் பயன்படுத்தினால், நோயுற்றவர் தம் துன்பத்தைத் தெளிவாகச் சொல்லவும், மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்ளவும் வழி பிறக்கும்.

முடிவுரை

இடைச்சுவரில் துளை இல்லை என்னும் சிறிய மறுப்பிலிருந்து, இதயமும் நுரையீரலும் ஒரே சுற்றின் இரு நிலையங்கள் என்னும் பேருண்மை வெளிப்பட்டது. அதனை இப்னு நஃபீஸ் கருத்தால் கண்டார். ஹார்வி கணக்கால் விரித்தார். மால்பீஜி கண்ணால் கண்டார். ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்பினர்.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ள வேண்டியவை இரண்டு. நூலில் கண்டது பொருந்தவில்லையாயின், ஆசிரியர் எத்துணைப் பெரியவராயினும் பணிவோடு வினவுக. வினவிக் கண்ட உண்மையைப் பிறர் படிக்கும் வண்ணம் எழுதி வைத்து, அவர்கள் கையிலும் சேர்ப்பிக்க. தேங்கிய குருதி உறைந்துவிடும். தேங்கிய அறிவும் அத்தகையதே.